மலையகத்து வீட்டுக்கு ஒரு சின்ன நாய்: தோட்டத்துக் குட்டியா, கிராஸ் குட்டியா, வளர்ந்த நாயா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கங்களில் நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "பெரிய நாய்க்கு இடமில்லை, பிள்ளைகளோ விடுவதாக இல்லை. பக்கத்து லயத்து நாய் குட்டி போட்டிருக்கிறது, அதில் ஒன்றை எடுத்துக்கொள்வதா? நகரத்தில் ஒருவர் பொமரேனியன் கிராஸ் விற்கிறார், அதை வாங்குவதா?" மூன்றாவது வழியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. வளர்ந்து முடிந்த, வளர்த்தவர்கள் விட்டுப்போன சின்ன நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் அது.

லயத்து நாய், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளரும் நாய், போடுவதைத் தோட்டத்துக் குட்டி என்கிறேன். பொமரேனியன் போன்ற சின்ன இனமொன்றின் கலப்பென்று விற்கப்படுவது கிராஸ் குட்டி. மூன்றுமே கலப்பு நாய்கள்தான். பத்து கிலோவுக்கு உட்பட்ட நாயைத்தான் இங்கே சின்ன நாய் என்கிறேன். இந்த அளவு நாய்கள் நல்ல பராமரிப்பில் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். இன்று தரம் 7இல் படிக்கும் பிள்ளைக்காக எடுக்கிற குட்டி, அந்தப் பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் காலத்திலும் வாசலில் படுத்திருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு வளர்ந்த நாய். பகல் முழுவதும் யாராவது இருக்கும் வீட்டுக்குத் தோட்டத்துக் குட்டி. ரோமத்தைப் பராமரிக்க நேரமும், வைத்தியருக்குக் கொடுக்கப் பணமும், ஈரமில்லாத அறையும் உள்ள சில வீடுகளுக்கு மட்டும் கிராஸ் குட்டி.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது. காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போனவர் மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் திரும்புகிறார், பிள்ளைகள் பாடசாலையில். இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளில் நான்கு முறை உணவு வேண்டும். மூன்று மாதமானாலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. பூட்டிய காம்பராவில் (லயத்து அறையில்) எட்டு மணி நேரம் கிடக்கும் குட்டி அழும், கதவைச் சுரண்டும், தரையெல்லாம் அசுத்தமாக்கும். மாலையில் களைத்து வருகிறவர் அதை அடிப்பார். குட்டிகள் வீதிக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இரண்டாவது, மிருக வைத்தியர் இருக்கும் தூரம். பிரதேசங்களில் உள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகங்களின் முதல் வேலை மாடு, ஆடு, கோழி. நாய்க்கான தனியார் கிளினிக்குகள் நகரங்களில்தான் இருக்கின்றன. சிக்கலான அறுவைச் சிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா மருத்துவமனை வரை போக வேண்டியிருக்கும். நுவரெலியாவிலிருந்து அது ஏறக்குறைய 70 கிலோமீட்டர் மலைப்பாதை. மேல்பிரிவுத் தோட்டங்களிலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதே தனிப் பயணம். அடிக்கடி வைத்தியம் தேவைப்படும் உடல்வாகுள்ள நாயை எடுக்கிறவர், நாயின் விலையோடு அந்த ஆட்டோக் கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மூன்றாவது, ஈரம். மலையகம் முழுவதும் ஒரே குளிர் என்று நினைக்கக் கூடாது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், பதுளை 680 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையை ஒட்டியது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படிகிறது. ஆனாலும் நாயை வருத்துவதில் குளிரைவிட ஈரமே முதலிடம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளும். நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்றான வட்டவளையில் துணி காயாத வாரங்கள் உண்டு. ஊவாப் பக்கத்துக்கு டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழை. துணி காயாத வீட்டில் நாயின் ரோமமும் காயாது.

நான்காவது, சுவர். தனி வீட்டில் நாய் குரைத்தால் வீட்டுக்காரருக்குத்தான் தொல்லை. லயத்தில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் படுத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருடன் முன்கூட்டியே பேசாமல் எந்த நாயையும் கொண்டுவர வேண்டாம்.

ஐந்தாவது இரவு. மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானது இதுதான். தேயிலை மலைகளையும் அவற்றை ஒட்டிய காட்டுத் துண்டுகளையும் சிறுத்தைகள் தங்கள் நடமாட்ட இடமாகக் கொண்டிருக்கின்றன. லயத்து நாய்கள் அவற்றுக்கு இரையாவது மலையகத்தில் எவருக்கும் புதிய செய்தி அல்ல. இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) சங்கிலியில் கட்டப்பட்ட ஆறு கிலோ நாய்க்கு ஓடவும் வழியில்லை, எதிர்த்து நிற்கவும் பலமில்லை. அவிழ்த்துவிட்டால் இன்னொரு ஆபத்து. காட்டுப் பன்றிக்காக வைக்கும் கம்பி வலை எந்த விலங்கென்று பார்ப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அப்படியொரு வலையில் சிக்கிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டுச் சில நாட்களில் இறந்துபோனது. அதே கம்பிகளில் நாய்களும் அகப்படுகின்றன. ஆகவே இரவில் கதவுக்கு உள்ளே படுக்க இடம் தர முடியாத வீட்டுக்குச் சின்ன நாய் வேண்டாம் என்பேன். அடுப்படி மூலையில் ஒரு சாக்கு விரிக்கும் இடம் போதும். அது கூட இல்லையென்றால் வேண்டாம்.

கடைசியாகச் செலவு. மொத்தத் தொகையைவிட, அது எப்போது வந்து விழுகிறது என்பதே மாதச் சம்பளக் குடும்பத்துக்குப் பெரிய விஷயம்.

## தோட்டத்துக் குட்டி

இதற்கு விலை இல்லை. தாயும் அநேகமாகக் கண்ணெதிரே இருக்கிறது. குட்டியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் தாயைப் பாருங்கள். ஆள் வந்தால் உறுமுகிறதா, ஒளிகிறதா, வாலாட்டிக்கொண்டு வருகிறதா? எவ்வளவு உயரம்? குட்டியின் வருங்காலத்தைப் பற்றி வேறு எவர் சொல்வதையும்விடத் தாய் அதிகம் சொல்லிவிடும்.

இந்த நாய்களின் பெரிய பலம் தோல். குட்டையான, ஒட்டிய ரோமம் மழையில் நனைந்தாலும் ஒரு பழைய துவாயால் நான்கு முறை அழுத்தித் துடைத்தால் காய்ந்துவிடும். பல தலைமுறை இந்த மலையிலேயே கலந்து பிறந்தவை என்பதால், குறிப்பிட்ட இனங்களுக்கே உரிய பரம்பரை நோய்கள் இவற்றில் குறைவு. மூக்கு நீளம், ஆகவே மூச்சுத் தொல்லை இல்லை.

பலவீனம், அளவு நம் கையில் இல்லாதது. தகப்பன் யாரென்று தெரியாது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருப்பதும் உண்டு. கையளவு குட்டி பத்துக் கிலோவைத் தாண்டி வளர்வது வழக்கமானது. நான்கு மாதத்தில் இருக்கும் எடையை இரண்டால் பெருக்கினால் வளர்ந்த நாயின் எடைக்குப் பக்கத்தில் வரும். ஆனால் அதற்குள் நாய் உங்கள் வீட்டு நாயாகிவிட்டிருக்கும். 15 கிலோவுக்கு வளர்ந்தாலும் வைத்துக்கொள்வோம் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு எடுங்கள்.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவைகளிடமும்தான். சீக்கிரம் பிரிந்த குட்டி பிள்ளைகளின் கையைக் கிழிக்கும். தாய் பக்கத்து லயத்திலேயே இருப்பதால் காத்திருப்பது உங்களுக்குச் சுலபம். தினமும் போய்க் கையில் எடுத்துப் பழகுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி சந்திக்கும் மனிதர்களும் சத்தங்களும் அதன் ஆயுள் முழுவதற்குமான குணத்தை வடிவமைக்கின்றன. கொழுந்துக் கூடை சுமந்தவர், கம்பளி போர்த்தியவர், மோட்டார் சைக்கிள், கோயில் மேளம் எல்லாவற்றையும் அந்த வயதில் அமைதியாகக் காட்டிவிட வேண்டும்.

இனி மறைந்திருக்கும் செலவு. இலவசக் குட்டிக்கு முதல் நான்கு மாதங்களில் வரிசையாகப் பணம் தேவைப்படும். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான ஊசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரமாகும் வரை தொடர வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்துவது ஏறக்குறைய போடாததற்குச் சமம். பார்வோக் கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சென்ற ஆண்டு ஒரு குட்டி இரத்தமாகக் கழிந்து செத்த வாசலில் இந்த ஆண்டுக் குட்டியை விளையாட விடுவது ஆபத்து. குடற்புழுவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டு வாரம் வரை மருந்து கொடுக்க வேண்டும். சொறி இருந்தால் அதற்கும் வைத்தியம். சில வகைச் சொறி பிள்ளைகளின் கையிலும் அரிப்பை உண்டாக்கும்.

சாப்பாட்டிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வளரும் குட்டிக்குச் சோறும் இறைச்சியும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் கல்சியம் போதாமல் எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். வளரும் மாதங்களிலாவது குட்டிகளுக்கான பக்கெட் உணவு வேண்டும், அல்லது கல்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேட்டுச் சமைக்க வேண்டும்.

பெட்டைக் குட்டி என்றால் தயங்குகிறார்கள். சந்தையடியிலும் வீதி வளைவிலும் பெட்டியில் போட்டு விடப்படும் குட்டிகளில் பெரும்பாலானவை பெட்டைகள் என்பது என்னை எப்போதும் கோபப்படுத்தும். கருத்தடை அறுவையை ஆறு மாத வயதை ஒட்டிச் செய்துவிட்டால் வருஷத்துக்கு இரண்டு ஈற்றும் இல்லை, வாசலில் ஆண் நாய்க் கூட்டமும் இல்லை. முதல் பருவத்துக்கு முன் செய்தால் பிற்காலத்தில் மார்புக் கட்டி வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. கருப்பையில் சீழ் பிடித்துச் சாகும் ஆபத்தே இல்லாமல் போகிறது. ஆண்குட்டிக்காக அலைவதைவிட, பெட்டையை எடுத்து அறுவை செய்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ பகலில் இருந்து, பிள்ளைகளும் ஓரளவு வளர்ந்திருந்தால் தோட்டத்துக் குட்டியே போதும்.

## கிராஸ் குட்டி

பொமரேனியன் கிராஸ், டாக்ஸ்ஹண்ட் கிராஸ், ஷிட்சு கிராஸ் என்ற பெயர்களில் விற்கப்படுபவற்றின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. சின்னதாகவே இருக்கும் என்ற உறுதி ஓரளவு உண்டு. மடியில் ஏறி உட்காரும். கதவடியில் யார் வந்தாலும் சொல்லும். தனியாக இருக்கும் வயதானவருக்கு இப்படி ஒரு துணை கிடைப்பது பெரிய ஆறுதல்.

ஆனால் பொமரேனியன் சாயலுள்ள நாயின் ரோமத்தை மழைக்காலத்தில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். வெளியே நீண்ட முடி, அடியில் பஞ்சுபோல் அடர்ந்த இன்னொரு படை. மேலே கையால் தடவினால் காய்ந்துவிட்டது போலத் தோன்றும். விரலை உள்ளே விட்டால் தோல் வரை சில்லென்று ஈரம். அந்த ஈரம் நாள்கணக்கில் நின்றால் அடி முடி சிக்குப் பிடித்துத் தகடாகிவிடும். அதற்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகி நாற்றமெடுக்கும் வரை யாருக்கும் தெரியாது. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள், சீப்பின் பல் தோலைத் தொடும் வரை வாரிவிட வேண்டும். மேற்குச் சரிவில் உள்ள வீடுகளில் ஜூன், ஜூலையில் இதற்கு நேரம் இருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலும் காற்றும் உள்ள பண்டாரவளையிலோ பதுளையிலோ இதே நாய் எளிதாகச் சமாளிக்கும்.

உடல்வாகுக்கும் விலை உண்டு. சின்ன இனக் கலப்புகளில் முழங்கால் சில்லு விலகுவது அதிகம். ஓடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று ஒரு பின்காலைத் தூக்கி இரண்டு எட்டு நொண்டிவிட்டு மறுபடி சாதாரணமாக ஓடினால் அதுதான். முற்றினால் அறுவை வரை போகும். சின்ன வாயில் பற்கள் நெருங்கி வளர்வதால் ஊத்தை சேர்ந்து ஈறு அழுகுவதும் இந்த நாய்களில்தான் அதிகம். டாக்ஸ்ஹண்ட் கலப்பின் நீண்ட முதுகுக்குப் படி எதிரி. லயத்துக்கு ஏறும் கற்படிகளையும், வீட்டுக்கும் வீதிக்கும் நடுவிலுள்ள சரிவையும் தினம் பல முறை குதித்து இறங்கினால் முதுகெலும்பு வட்டு நழுவிப் பின்கால் இரண்டும் விழுந்துவிடக்கூடும். ஷிட்சு கலப்பில் கண் பிதுங்கியும் மூக்கு அமுங்கியும் இருந்தால் கண்ணில் புண், மூச்சிரைப்பு. இவற்றில் பலவற்றுக்கு மருந்தும் கருவியும் நகரத்தில் மட்டும்தான்.

விற்கிறவரிடம் மூன்றைக் கேளுங்கள். தாயைக் காட்ட முடியுமா? ஊசி போட்ட அட்டை இருக்கிறதா? பிறந்த தேதி என்ன? தாயைக் காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். "இரண்டு மாதம்" என்று விற்கப்படும் குட்டி ஐந்து ஆறு வாரமாக இருப்பது உண்டு. அவ்வளவு சின்னக் குட்டி மலைக்குளிரில் ஒரு வேளை சாப்பிடாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும். குட்டியைக் கையில் எடுத்து உதட்டை விலக்கி பல் ஈறைப் பாருங்கள்: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளிறியிருந்தால் புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். வயிறு மட்டும் பானையாக உப்பி விலா எலும்பு தெரிந்தால் புழு. காதுக்குள் முகர்ந்து பாருங்கள். உங்கள் கண்முன் அது ஒரு கைப்பிடி சாப்பிடுவதைப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று நோய்க்குட்டியை விலை கொடுத்து வாங்கினால், அந்த இடத்தில் நாளை இன்னொரு நோய்க்குட்டி வைக்கப்படும்.

கிராஸ் குட்டி வாங்கக் கொடுக்கும் பணத்தை ஒரு தோட்டத்துக் குட்டிக்குச் செலவிட்டால் ஊசியும் அறுவையும் முடிந்து மீதியும் இருக்கும் என்பதே என் முக்கியமான ஆட்சேபம். நகரத்தில் உலர்ந்த வீடு, வீட்டிலேயே இருக்கும் ஆள், அருகில் கிளினிக் என்ற மூன்றும் உள்ளவருக்கு மட்டும் இது நல்ல தெரிவு.

## வளர்ந்த நாய்

குடும்பம் கொழும்புக்கு மாறுகிறது, தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகிறார், வாடகை வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். இப்படி வீடிழந்த சின்ன நாய்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. இரண்டு வயதோ ஐந்து வயதோ ஆன நாய், இன்னும் எட்டுப் பத்து ஆண்டுகள் கூட இருக்கும். அதன் எடை இனி மாறாது. குணம் வெளியே தெரிகிறது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் இருக்க அநேகமாகக் கற்றிருக்கும். காலையும் மாலையும் இரண்டு வேளைச் சாப்பாடு போதும். பகல் நேரத்தைத் தூங்கிக் கழிக்கும். தோட்ட வேலை நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாய் கிடைக்காது.

"வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டாது" என்ற எண்ணம்தான் தடை. அது சரியல்ல. சோறு போடுகிறவரையும் கூட நடக்கிறவரையும் எந்த வயதிலும் நாய் தன் ஆளாக ஏற்றுக்கொள்ளும். பழைய வீட்டைத் தேடி ஓடும் அபாயம் முதல் வாரங்களில் மட்டும் உண்டு. அதுவரை வெளியே போகும்போதெல்லாம் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டியில் தொலைபேசி எண் எழுதிய தகடு தொங்கட்டும்.

எங்கே தேடுவது? மிருக வைத்தியரிடம் சொல்லி வைப்பதே முதல் வழி. யார் நாயை விடப் போகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். கொழும்பை மையமாகக் கொண்ட எம்பார்க் போன்ற விலங்கு நல அமைப்புகள் வளர்ந்த நாய்களுக்கும் வீடு தேடுகின்றன. கண்டியிலும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமைப்புகளிடமிருந்து வரும் நாய்க்குக் கருத்தடையும் ஊசியும் பெரும்பாலும் முடிந்திருக்கும். செலவில் பெரிய பங்கு அங்கேயே குறைகிறது.

எடுப்பதற்கு முன் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தப் பரிசோதனை, பற்கள், கருத்தடை ஆகாத நாயானால் பிறப்புறுப்பில் இரத்தம் கசியும் கட்டி உண்டா என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நாய்களுக்கிடையே பரவும் அந்தக் கட்டி பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் ஊசி மருந்திலேயே கரைந்துவிடும். ஆகவே அது ஒன்றுக்காக நல்ல நாயை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை.

முக்கியமான சோதனை கோழி. கோழி வளர்க்கும் வீட்டில், கயிற்றில் பிடித்தபடி நாயைக் கூட்டுக்கு அருகே நடத்துங்கள். பார்த்துவிட்டுத் திரும்பினால் பழக்கலாம். உடல் விறைத்து, கண் நிலைகுத்தி, கூப்பிட்டால் காதில் வாங்காமல் நின்றால் அந்த நாய் வேறு வீட்டுக்குப் போகட்டும். விளக்குமாற்றைக் கையில் எடுத்தால் பதுங்குகிறதா, சாப்பிடும்போது அருகே போனால் உறுமுகிறதா என்பதையும் பாருங்கள். உறுமுகிற நாயைத் தவழும் குழந்தையுள்ள வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கொடுக்கிறவரிடம் இரண்டு வாரம் தவணை கேட்டு, சரிவராவிட்டால் திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நல்லது.

## ஒரே பார்வையில்

| | தோட்டத்துக் குட்டி | கிராஸ் குட்டி | வளர்ந்த நாய் |
|---|---|---|---|
| எடுக்கும் விலை | இல்லை | அதிகம் | இல்லை, அல்லது சிறு தொகை |
| பெரிய செலவு வரும் காலம் | முதல் ஆறு மாதம் | தொடக்கத்திலும் முதுமையிலும் | முதல் மாதம் |
| வளர்ந்த அளவு | ஊகம்தான் | ஓரளவு தெரியும் | தெரியும் |
| மழைக்காலம் | தாங்கும் | கடினம் | ரோமத்தைப் பொறுத்தது |
| பகலில் ஆள் தேவையா | கட்டாயம் | கட்டாயம் | பழகிய பின் இல்லை |
| முதலில் பார்க்க வேண்டியது | தாயின் குணம் | தாய், ஊசி அட்டை, ஈறு | கோழியும் குழந்தையும் |

## எதை எடுத்தாலும் தவிர்க்க முடியாதவை

விசர்நாய்க்கடி ஊசி முதலில். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. நோயின் அறிகுறி வந்த பிறகு நாய்க்கும் மனிதருக்கும் ஏறக்குறைய நிச்சயமாக மரணம்தான். அரசாங்கம் நாய்களுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறது. முகாம் எப்போது நடக்கிறது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆண்டுதோறும் போட்டு அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். சொந்த நாயோ தெரு நாயோ கடித்தாலும் பிராண்டினாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிகிச்சை அங்கே இலவசம். மஞ்சள், மிளகாய் எதையும் பூச வேண்டாம். நாயைப் பதிவு செய்யும் சட்டம் 1901ஆம் ஆண்டிலேயே வந்த நாடு இது. உள்ளூராட்சி சபையில் விசாரித்துப் பதிந்துகொள்ளுங்கள்.

சாப்பாடு அதிகம் தேவையில்லை. ஆறு கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 கலோரி போதும். நூறு கிராம் சோற்றிலேயே 130 கலோரி இருக்கிறது. ஆகவே தட்டு நிறையச் சோறு போட்டால் நாய் கொழுக்கும், சத்து மட்டும் சேராது. தட்டில் பாதியாவது கோழி, மீன், முட்டை, ஈரல் என்று இருக்கட்டும். கருவாட்டை ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். சோயா மீட் கொடுத்தால் கூட வரும் மசாலாப் பக்கெட்டைப் போட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நம் கறியை அப்படியே ஊற்றாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். வேகவைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். மலையகத்து வீடுகளில் எல்லோரும் அன்போடு செய்வது, தேத்தண்ணியில் பிஸ்கட்டைத் தோய்த்துக் கொடுப்பது. தேயிலையில் உள்ள காஃபீன் சின்ன உடம்புக்கு அதிகம். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காய்ச்சலாக இருக்கிறதே என்று பனடோல் கொடுப்பது அதைவிட ஆபத்து.

உண்ணியும் அட்டையும் இந்த மலையின் தனிப் பிரச்சினை. குளிரில் உண்ணி வராது என்று நம்ப வேண்டாம், புல்லிலும் தேயிலை அடியிலும் இருக்கிறது. மலைக்குப் போய்வந்த நாயின் காது மடிப்பு, விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் தடவிப் பாருங்கள். சாப்பாட்டை மறுத்து, ஈறு வெளிறி, சிறுநீர் கறுத்தால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். கால் விரலில் ஏறும் அட்டை தானே விழுந்துவிடும். ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது மூக்குக்குள் நுழையும் அட்டை வேறு வகை. ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் வந்து, நாய் ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். தண்ணீர்ப் பாத்திரத்தை அருகில் வைத்தால் சில சமயம் மூக்குத் துவாரத்தில் அட்டை எட்டிப் பார்ப்பதே தெரியும். இழுத்து அறுத்துவிடாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். களைகொல்லி தெளித்த மலையில் அன்று நாயை நடத்த வேண்டாம். மரக்கறித் தோட்டங்களை ஒட்டி இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

படுக்கைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஈரத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு பலகை, மேலே பழைய கம்பளி. வாரம் ஒருமுறை வெயில் கண்டால் அதை வெளியே உதறிப் போடுங்கள்.

## இப்போதைக்கு வேண்டாம் என்ற தெரிவு

வீட்டில் கைக்குழந்தை, மாதக் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாத நிலை, அடுத்த ஆண்டு இடம் மாறும் யோசனை ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் நாயை எடுக்காமல் இருப்பதும் அன்பின் பக்கத்திலேயே சேரும். பிள்ளைகள் நாயோடு பழக வேண்டும் என்றால் லயத்தைச் சுற்றித் திரியும் நாயொன்று ஏற்கெனவே இருக்கும். வீட்டுக்கு ஒரு பங்காகப் பணம் போட்டு, அந்த நாய்க்கு ஆண்டு ஊசியும், பெட்டையானால் கருத்தடையும் செய்துவிடலாம். நடமாடும் கருத்தடை முகாம் உங்கள் பக்கம் வருகிறதா என்று பிரதேச சபையிலோ மிருக வைத்தியரிடமோ கேட்டு, பெயரைக் கொடுத்து வைத்தால் செலவு இன்னும் குறையும். அறுவைக்கு முதல் நாள் இரவு சாப்பாடு கொடுக்காமல், மறுநாள் கொண்டுபோய், தையல் ஆறும் பத்து நாட்களுக்கு மழை படாத ஓர் இஸ்தோப்பில் பகலிலும், யாராவது ஒருவர் வீட்டுக்குள் இரவிலும் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து இரவுகளுக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் பேசி முடித்துவிட்டு முகாமுக்குப் பெயர் கொடுங்கள்.